விசை அழுத்தினேன், பக்கம் நகரவில்லை: ஆவண வாசிப்பு மென்பொருளில் குவியமும் உருட்டலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடிஎஃப் போன்ற நீண்ட ஆவணங்களைத் திரையிலேயே படிப்பவர்களுக்கு உதவும் வேலையில் இருப்பதால், ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை “இந்த விசை வேலை செய்யவில்லை” என்றே தொடங்கும். விசை உண்மையிலேயே பழுதாகியிருந்த நிகழ்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரங்களில் விசை தன் வேலையைச் செய்துதான் இருந்தது. கேட்டவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் செய்யாமல் வேறோர் இடத்தில் செய்திருந்தது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டு விடைகளைப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும்.

குவியம் என்றால் என்ன? மவுஸின் அம்புக்குறி இருக்கும் இடம்தானே அது?

அல்ல, இந்தக் குழப்பம்தான் பாதிச் சிக்கல்களுக்கு வேர். ஒரு விசையை அழுத்தும்போது அது திரையில் உள்ள எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்வதில்லை. விசைகளைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு அந்த நொடியில் எந்தப் பகுதியிடம் இருக்கிறதோ அதற்கு மட்டுமே போகிறது. அந்தப் பொறுப்பைத்தான் குவியம் என்கிறோம். ஃபோகஸ் என்று சொன்னாலும் அதுவே. மவுஸின் சுட்டுக்குறி திரையில் எங்கே நின்றாலும் குவியம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

குவியம் இரண்டு அடுக்குகளில் முடிவாகிறது. திறந்திருக்கும் சாளரங்களுள் எது முன்னிற்கிறது என்பதை முதலில் இயங்குதளம் முடிவு செய்கிறது. பிறகு, அந்தச் சாளரத்துக்குள் பக்கம் காட்டப்படும் பரப்பு, பக்கப்பட்டை, தேடல் பெட்டி, கருவிப்பட்டைப் பொத்தான்கள் ஆகியவற்றுள் விசை எதற்குப் போக வேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. சாளரம் முன்னால் இருப்பதைக் கண்டு எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாம் அடுக்கை மறந்துவிடுகிறார்கள். நாம் சொடுக்கினாலோ டேப் விசையை அழுத்தினாலோ குவியம் இடம் மாறும். மென்பொருள் தானாகவும் அதை மாற்றும். நமக்குத் தெரியாமல் நடப்பது இந்தக் கடைசி வகைதான்.

மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் பக்கம் நகர்கிறது. கீழ் அம்பு விசையை அழுத்தினால் நகரவில்லை. இது எப்படிச் சாத்தியம்?

சக்கரம் சுட்டுக்குறியைப் பின்தொடர்கிறது. விசைப்பலகை குவியத்தைப் பின்தொடர்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுட்டுக்குறி பக்கத்தின் மேலும் குவியம் தேடல் பெட்டியிலும் இருந்தால், சக்கரம் பக்கத்தை உருட்டும், அம்பு விசையோ தேடல் பெட்டிக்குள் போய் நின்றுவிடும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. விண்டோஸில் நெடுங்காலம் சக்கரத்தின் சுழற்சியும் குவியம் பெற்ற சாளரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10, சுட்டுக்குறிக்குக் கீழே இருக்கும் சாளரத்தை அது முன்னிற்காத போதும் உருட்டும் அமைப்பைச் சேர்த்து, அதை இயல்பாகவே இயக்கத்திலும் வைத்தது. லினக்ஸ் கணினிகளில் பயன்பட்டுவந்த எக்ஸ் சாளர முறைமை சக்கரத்தின் மேல்சுழற்சியையும் கீழ்சுழற்சியையும் மவுஸின் நான்காம், ஐந்தாம் பொத்தான்களாகக் கருதியது; பொத்தான் அழுத்தம் எப்போதும் சுட்டுக்குறி இருக்கும் சாளரத்துக்கே போகும் என்பதால் அங்கே இந்தப் பிரிவு தொடக்கத்திலிருந்தே உண்டு. மேக்கிலும் சக்கரம் சுட்டுக்குறியைத்தான் கேட்கிறது. பழைய விண்டோஸில் பழகியவர்கள் “முன்பெல்லாம் சரியாக இருந்தது” என்று சொல்வது வெறும் நினைவுப் பிழை அல்ல.

தீர்வு எளிது: பக்கத்தின் ஓரத்தில் உள்ள வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். வெற்றிடம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணைப்பின் மேல் சொடுக்கினால் அது வேறெங்கோ அழைத்துச் சென்றுவிடும்; படிவப் பெட்டியின் மேல் சொடுக்கினால் குவியம் அந்தப் பெட்டிக்குள் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் சொடுக்கித்தான் ஆக வேண்டுமா? மவுஸைத் தொடாமல் பக்கத்துக்குத் திரும்ப வழி இல்லையா?

உண்டு. சாளரத்தின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவுவதற்கு எஃப்6 விசையை ஒதுக்குவது பல மென்பொருள்கள் கடைப்பிடிக்கும் மரபு. உலாவிகளில் அது முகவரிப் பட்டைக்கும் பக்கத்துக்கும் இடையே குவியத்தைக் கொண்டுபோகும். மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அடோபி அக்ரோபேட்டில் எஃப்5 விசை நேரடியாக ஆவணப் பரப்புக்குக் கொண்டுவந்து விடுகிறது. இவ்வளவு பயனுள்ள விசையை அறிந்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பக்கப்பட்டைதான் குவியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதையே மூடிவிடலாம். லினக்ஸில் பயன்படும் ஆவண வாசிப்பு மென்பொருள்களான ஈவின்ஸில் எஃப்9, ஓகுலாரில் எஃப்7, பயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டியில் எஃப்4 ஆகியவை அதை மூடவும் திறக்கவும் உதவுகின்றன. தற்காலிகமாகத் திறந்த பெட்டிகளிலிருந்து வெளியேற எஸ்கேப் விசையை முயன்று பாருங்கள்.

ஸ்பேஸ் பார், பேஜ் டவுன், கீழ் அம்பு மூன்றும் கீழேதானே போகின்றன? எதைப் பயன்படுத்தினால் என்ன?

அம்பு விசை சில வரிகள் அளவுக்கு மட்டும் நகர்த்தும். பேஜ் டவுனும் ஸ்பேஸ் பாரும் ஏறத்தாழ ஒரு திரை அளவுக்கு நகர்த்தும். ஷிஃப்டுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அதே அளவு மேலே போகும். “ஏறத்தாழ” என்பது தற்செயலான சொல் அல்ல. முழுத் திரையும் நகர்ந்துவிட்டால் படித்த கடைசி வரி மறைந்து, கண் தொடர்ச்சியை இழக்கும். ஆகவே முந்தைய திரையின் அடிப்பகுதி புதிய திரையின் மேற்பகுதியில் சற்றே தங்கும்படி உலாவிகள் கணக்கிடுகின்றன. குரோம், எட்ஜ் போன்ற, குரோமியம் என்ற நிரலை அடிப்படையாகக் கொண்ட உலாவிகளில் ஒரு தாவலின் அளவு பொதுவாகத் திரையின் உயரத்தில் 87.5 விழுக்காடு, அதாவது எட்டில் ஏழு பங்கு.

ஸ்பேஸ் பாரை நம்பிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது பலருக்கும் வேலை செய்யும் விசை. குவியம் ஒரு பொத்தானில் இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்திவிடும். எழுத்துப் பெட்டியில் இருந்தால் இடைவெளியைத் தட்டும். தேர்வுப் பெட்டியில் இருந்தால் குறியை மாற்றிவிடும். பேஜ் டவுனுக்கு இத்தகைய இரட்டை வாழ்க்கை மிகக் குறைவு. படிவம் நிரப்பும் ஆவணங்களில் நான் ஸ்பேஸ் பாரைத் தொடுவதே இல்லை.

பேஜ் டவுன் அழுத்தும்போதெல்லாம் இரண்டு மூன்று வரிகள் காணாமல் போகின்றன. மேலே உருட்டித் தேட வேண்டியிருக்கிறது. என் கண்தான் தவறா?

கண்ணில் தவறில்லை. மேலே சொன்ன எட்டில் ஏழு பங்குக் கணக்கு, பக்கம் காட்டப்படும் பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்ற நம்பிக்கையில் போடப்படுவது. கருவிப்பட்டையோ தலைப்புப் பட்டையோ அந்தப் பரப்பின் மேலேயே மிதந்துகொண்டு ஒட்டியிருந்தால், அது மறைக்கும் உயரம் கணக்கில் வருவதில்லை. திரையின் உயரம் 800 புள்ளிகள் என்று கொள்வோம். தாவல் 700 புள்ளிகள், மீதம் தங்குவது 100 புள்ளிகள். மிதக்கும் பட்டையின் உயரம் 120 புள்ளிகள் என்றால் 20 புள்ளி அளவுக்கு எழுத்து ஒவ்வொரு தாவலிலும் பட்டையின் அடியில் புதைந்துபோகும்.

வாசிப்பவர் செய்யக்கூடியது, பட்டையை மறைப்பது அல்லது முழுத்திரைப் பயன்முறைக்குப் போவது. இணையப் பக்கமாக அமைந்த காட்டியை வடிவமைப்பவர் செய்ய வேண்டியது, ஸ்க்ரோல் பேடிங் என்ற சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) பண்பால் மறைக்கப்படும் உயரத்தை உலாவிக்கு அறிவிப்பது. ஒரே வரியில் முடியும் வேலை இது. ஆனாலும் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஒரே பேஜ் டவுன் விசை ஒரு கோப்பில் ஒரு திரை நகர்த்துகிறது, இன்னொரு கோப்பில் ஒரு முழுப் பக்கத்தையே தாண்டுகிறது. ஏன்?

கோப்பு காரணம் அல்ல, அது காட்டப்படும் முறையே காரணம். தொடர்முறையில் எல்லாப் பக்கங்களும் ஒரே நீண்ட சுருளாகக் கிடக்கும். அங்கே தாவல் திரையின் உயரத்தைப் பொறுத்தது. ஒற்றைப் பக்க முறையில், பக்கம் திரைக்குள் முழுமையாக அடங்கியிருந்தால் உருட்டுவதற்கே எதுவும் இல்லை. ஆகவே அதே விசை அடுத்த பக்கத்துக்குப் போகும். உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் பக்கம் திரையைவிடப் பெரிதாகி, விசை மறுபடியும் உருட்டத் தொடங்கிவிடும். எந்த முறையில் திறக்க வேண்டும் என்பதைக் கோப்பை உருவாக்கியவரே கோப்புக்குள் எழுதி வைக்கவும் பிடிஎஃப் இடம் தருகிறது. கோப்புக்குக் கோப்பு மாறுவதுபோல் தோன்றுவது அதனால்தான்.

இடது, வலது அம்புகளும் இதே தர்க்கத்தில் இயங்குகின்றன. பக்கம் திரையைவிட அகலமாக இருந்தால் பல மென்பொருள்களில் பக்கவாட்டில் நகர்த்தும்; அகலம் அடங்கினால் முந்தைய, அடுத்த பக்கங்களுக்குத் தாவும்.

பக்கப்பட்டையில் ஓர் அத்தியாயத் தலைப்பைச் சொடுக்கினேன், பக்கம் வந்தது. அதன் பிறகு அம்பு விசையை அழுத்தினால் பட்டியலிலேயே மேலும் கீழும் போகிறது. இது பிழையா?

பிழை அல்ல, எனக்கு உடன்பாடில்லாத ஒரு முடிவு. நீங்கள் சொடுக்கியது பட்டியலை. ஆகவே குவியம் பட்டியலுக்குப் போனது. அடுத்தடுத்த தலைப்புகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அது வசதி. ஆனால் தலைப்பைச் சொடுக்குபவர்களில் பெரும்பாலோர் அந்த அத்தியாயத்தைப் படிக்கவே விரும்புகிறார்கள். அம்பு விசையால் பட்டியலில் உலாவும்போது குவியம் அங்கேயே இருக்கட்டும், என்டரை அழுத்தினாலோ சொடுக்கினாலோ ஆவணத்துக்குப் போகட்டும் என்பதே நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யாத மென்பொருளில் மேலே சொன்ன எஃப்6 வழியைப் பயன்படுத்துங்கள்.

சிறுபடப் பட்டியலில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. அங்கே கீழ் அம்பை அழுத்தினால் அடுத்த சிறுபடம் தேர்வாகி, ஆவணமும் அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போகும். படிப்பவருக்கு ஆவணம் நகர்வது தெரிவதால் குவியம் ஆவணத்தில்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவார். “அம்பு விசை ஏன் வரி வரியாக நகராமல் பக்கம் பக்கமாகத் தாவுகிறது” என்று கேட்பார். தேர்வான சிறுபடத்தைச் சுற்றியுள்ள கட்டத்தைக் கவனியுங்கள். அது நகர்ந்துகொண்டிருந்தால் விசை அங்கேதான் போகிறது.

தேடி முடித்துப் பெட்டியை மூடிய பிறகு எந்த விசையும் எடுபடுவதில்லை. பெட்டிதான் இல்லையே, குவியம் எங்கே போனது?

இது நல்ல கேள்வி. குவியத்தை வைத்திருந்த பகுதியே திரையிலிருந்து நீக்கப்பட்டால், குவியம் தானாக முந்தைய இடத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. உலாவியில் அது பக்கத்தின் மிக வெளி அடுக்குக்குப் போய்விடுகிறது. ஆனால் ஆவணமோ உள்ளே தனிப் பெட்டி ஒன்றில் உருளும்படி அமைந்திருக்கும். வெளி அடுக்குக்கு உருளுவதற்கு எதுவும் இல்லை. உள்ளே உள்ள பெட்டிக்கு விசை போய்ச் சேரவில்லை. ஆகவே கணினி உறைந்துபோனதுபோல் தோன்றும்.

தேடல் பெட்டியை எஸ்கேப் விசையால் மூடுவதற்கும் அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடுவதற்கும் விளைவு வேறுபடக்கூடும். எஸ்கேப் வழியை எழுதியவர் குவியத்தை ஆவணத்துக்குத் திருப்பித் தர நினைவில் வைத்திருப்பார். சொடுக்கும் வழியில் மறந்திருப்பார். ஆகவே எஸ்கேப்பையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெட்டி திறந்திருக்கும்போது என்டர் அடுத்த இடத்துக்கும், ஷிஃப்டுடன் என்டர் முந்தைய இடத்துக்கும் கொண்டுபோகும். பல மென்பொருள்களில் எஃப்3 அல்லது கண்ட்ரோலுடன் ஜி விசை, குவியம் ஆவணத்தில் இருக்கும்போதே அடுத்த இடத்தைக் காட்டும்.

பக்க எண் பெட்டியில் 45 என்று தட்டி என்டர் அடித்தேன். பிறகு கீழ் அம்பை அழுத்தினால் எண் 44 ஆகிறது. வேடிக்கையாக இல்லையா?

வேடிக்கைதான். என்டருக்குப் பிறகும் குவியம் பெட்டியிலேயே தங்கிவிட்டது. எண் பெட்டியில் கீழ் அம்பு எண்ணைக் குறைக்கும். ஆவணத்தின் வெற்றிடத்தில் சொடுக்கியோ டேப் விசையை அழுத்தியோ வெளியே வாருங்கள்.

டேப் விசையை அழுத்தினால் நான் படித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுப் பக்கம் எங்கோ குதிக்கிறது. நான் உருட்டச் சொல்லவே இல்லையே?

குவியத்துக்கும் உருட்டலுக்கும் இடையே ஒருவழிப் பாதை இருக்கிறது. குவியம் ஒரு புதிய இடத்துக்குப் போனால், அந்த இடம் கண்ணுக்குத் தெரியும்படி மென்பொருள் ஆவணத்தை உருட்டிக் காட்டும். ஆனால் நீங்கள் ஆவணத்தை உருட்டினால் குவியம் உங்களோடு வராது. மூன்றாம் பக்கத்தில் ஓர் இணைப்பில் குவியத்தை விட்டுவிட்டு, சக்கரத்தால் நாற்பதாம் பக்கம் வரை உருட்டிப் படித்துவிட்டு டேப் விசையை அழுத்தினால், மூன்றாம் பக்கத்தின் அடுத்த இணைப்புக்கே போவீர்கள். படிக்கும் இடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டு டேப் அழுத்தினால் உலாவிகள் அந்த இடத்திலிருந்தே அடுத்த இணைப்பைத் தேடும்.

குதிப்பு ஒழுங்கற்றதாகத் தோன்றினால், எடுத்துக்காட்டாகப் பெயர்ப் பெட்டிக்கு அடுத்து முகவரிக்குப் போகாமல் கையொப்பப் பெட்டிக்குப் போனால், குற்றம் பெரும்பாலும் ஆவணத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் டேப் விசை எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கும் பதிவு பிடிஎஃப் 1.5 பதிப்பிலிருந்து உண்டு: கிடைவரிசைப்படி, நெடுவரிசைப்படி, அல்லது ஆவணத்தின் கட்டமைப்புப்படி. 2017இல் வெளியான பிடிஎஃப் 2.0 மேலும் இரண்டு வகைகளைச் சேர்த்தது. எல்லோரும் அணுகத்தக்க பிடிஎஃப்களுக்கான ஐஎஸ்ஓ 14289 தரம், இணைப்புகளோ படிவப் பெட்டிகளோ உள்ள பக்கங்களில் கட்டமைப்புப்படியான வரிசையையே கேட்கிறது. படிவத்தைத் தயாரிப்பவர் இதைக் கவனிக்கவில்லை என்றால் எந்த வாசிப்பு மென்பொருளும் அதைச் சீர்செய்ய முடியாது.

மேக்கில் டேப் விசை எழுத்துப் பெட்டிகளில் மட்டும் நிற்கிறது, பொத்தான்களைத் தாண்டிவிடுகிறது. என் கணினி மட்டும்தான் இப்படியா?

இல்லை, அங்கே இயல்புநிலையே அதுதான். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் உள்ள விசைப்பலகை வழி உலாவலை இயக்கினால் பொத்தான்களிலும் நிற்கும். சஃபாரியில் இணைப்புகளுக்கு ஆப்ஷனுடன் டேப்பை அழுத்த வேண்டும்.

குவியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. எந்தக் கோடும் கட்டமும் தெரியவில்லையே?

தெரிய வேண்டும். இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, விசைப்பலகையால் இயக்கப்படும் இடைமுகத்தில் குவியம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற நெறி 2.4.7 எண்ணுடன் இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு இன்னொரு படி மேலே போய், குவியம் பெற்ற பகுதி வேறு பட்டைகளால் முழுவதுமாக மறைக்கப்படக் கூடாது என்ற நெறியையும் சேர்த்தது. மிதக்கும் பட்டைகள் வரிகளை விழுங்குவதைப் பற்றி மேலே சொன்னேன். அவை குவியத்தையும் அப்படியே விழுங்குகின்றன.

வடிவமைப்பாளர்கள் சிலர் அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று அதை அடியோடு நீக்கிவிடுவதுண்டு. இன்றைய உலாவிகள் மவுஸால் பொத்தானைச் சொடுக்குபவருக்கு அந்தக் கோட்டைக் காட்டாமல், விசையால் வருபவருக்கு மட்டும் காட்டும் திறன் பெற்றவை. ஆகவே இந்தச் சாக்கு இப்போது செல்லாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பக்கம் காட்டப்படும் பெரிய பரப்பு குவியம் பெறும்போது பல மென்பொருள்கள் எந்தக் கோட்டையும் வரைவதில்லை. எங்கும் கோடு இல்லை என்பதே குவியம் ஆவணத்தில் இருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். கீழ் அம்பை ஒருமுறை தட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

எதையோ அழுத்திவிட்டேன். இப்போது பக்கத்தில் ஒரு கோடு துடிக்கிறது. அம்பு விசை பக்கத்தை நகர்த்தாமல் அந்தக் கோட்டை நகர்த்துகிறது. எப்படி மீள்வது?

எஃப்7 விசையைத் தொட்டிருப்பீர்கள். மறுபடியும் அதையே அழுத்துங்கள். பயர்பாக்ஸ், குரோம், ஈவின்ஸ் ஆகியவற்றில் அது ஆவணத்துக்குள் ஓர் இடங்காட்டியை வைத்து, மவுஸ் இல்லாமலேயே எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க உதவும் பயன்முறையை இயக்குகிறது. ஓகுலாரில் இதே விசை பக்கப்பட்டைக்கு உரியது என்று மேலே பார்த்தோம். இரண்டு மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள்.

இங்கே குவியம் மாறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குவியம் ஆவணத்தில்தான் இருக்கிறது. அம்பு விசைக்கு ஆவணம் கொடுக்கும் பொருள்தான் மாறிவிட்டது. உருட்டுவதா, இடங்காட்டியை நகர்த்துவதா என்ற இந்தத் தடுமாற்றம் பழையது. 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் பிசி விசைப்பலகையிலேயே ஸ்க்ரோல் லாக் என்ற விசை இருந்ததன் நோக்கம் இதுதான். இன்றும் எக்செலில் அது இயங்கும்போது அம்பு விசைகள் தேர்ந்தெடுத்த கட்டத்தை விட்டுவிட்டுத் தாளையே நகர்த்துகின்றன. மேக்கின் எழுத்துப் பரப்புகளில் பேஜ் டவுன் காட்சியை மட்டும் நகர்த்தி, இடங்காட்டியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும். அடுத்து ஓர் எழுத்தைத் தட்டினால் காட்சி பின்னால் தாவும்.

இணையப் பக்கத்தின் நடுவில் ஒரு பெட்டிக்குள் ஆவணம் காட்டப்படுகிறது. சக்கரத்தைச் சுழற்றினால் ஆவணம் முடிந்ததும் வெளிப்பக்கம் ஓடத் தொடங்குகிறது. விசைகளோ ஆவணத்துக்குப் போவதே இல்லை.

இவை இரண்டு தனிச் சிக்கல்கள். உள்பெட்டி தன் எல்லையைத் தொட்டதும் மீதமுள்ள உருட்டலை வெளிப்பக்கத்திடம் ஒப்படைப்பது உலாவிகளின் இயல்பு. இதைத் தடுக்க ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் என்ற சிஎஸ்எஸ் பண்பு இருக்கிறது. படிப்பவர் செய்யக்கூடியது, ஆவணத்தைத் தனிச் சாளரத்தில் திறப்பதுதான்.

விசைகளுக்கான காரணம் வேறு. அப்படிப் பதிக்கப்பட்ட ஆவணம் பெரும்பாலும் ஒரு தனிச் சட்டகம். வெளிப்பக்கத்தில் அழுத்தப்படும் விசை சட்டகத்துக்குள் நுழையாது, சட்டகத்துக்குள் அழுத்தப்படுவது வெளியே வராது. ஆகவே ஒருமுறை உள்ளே சொடுக்க வேண்டும், அல்லது டேப் வழியாக உள்ளே போக வேண்டும். போனவர் டேப் வழியாகவே வெளியேற முடியவில்லை என்றால் அது கடுமையான குறை. மேலே சொன்ன வழிகாட்டுதல்கள் இதை விசைப்பலகைப் பொறி என்று பெயரிட்டு, அடிப்படை நிலையிலேயே தடை செய்கின்றன.

ஜே, கே விசைகளால் பக்கம் மாற்றிப் பழகியிருக்கிறேன். சில நாட்களில் அவை வேலை செய்வதில்லை. குவியம் சரியாகத்தான் இருக்கிறது.

தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டியில் ஜே அடுத்த பக்கத்துக்கும் கே முந்தைய பக்கத்துக்கும் போகும். ஜதுரா என்ற பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளில் அவை கீழும் மேலுமாக உருட்டும். ஆனால் தமிழ்99 அமைப்பில் ஜே இருக்கும் இடத்தில் ப, கே இருக்கும் இடத்தில் ம வருகிறது. விசையின் இடத்தைப் பார்க்காமல் அது தரும் எழுத்தைப் பார்க்கும் மென்பொருளுக்கு ஜே வந்து சேரவே இல்லை. அம்பு, பேஜ் டவுன், ஹோம், எண்ட் போன்றவை எழுத்து எதையும் தராதவை என்பதால் எந்த மொழியிலும் மாறாமல் இயங்கும்.

ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. குரலால் கணினியை இயக்குபவர் ஒரு சொல்லைச் சொன்னால், அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடலாம். மேலே சொன்ன அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2018இல் வந்த 2.1 பதிப்பு, இத்தகைய விசைகளை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும், அல்லது உரிய பகுதி குவியம் பெற்றிருக்கும்போது மட்டுமே அவை இயங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கீழ் அம்பை அழுத்திப் பிடித்திருந்து விட்டுவிட்டேன். அதன் பிறகும் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அழுத்திப் பிடித்த விசையை இயங்குதளம் மீண்டும் மீண்டும் அழுத்தியதாக அனுப்பிக்கொண்டிருக்கும். வருடிப் படமாக்கிய பக்கங்கள் நிறைந்த கனமான கோப்பில், ஒரு பக்கத்தை வரைந்து முடிக்கும் முன்பே அடுத்தடுத்த அழுத்தங்கள் வரிசையில் சேர்ந்துவிடும். விரலை எடுத்த பிறகும் அந்த வரிசை தீரும் வரை ஓட்டம் நிற்காது. நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் தேங்கியவற்றை ஒன்றாகக் கூட்டி ஒரே நகர்வாக்கிவிடும். உங்களுடையது அப்படிச் செய்யவில்லை என்றால் அழுத்திப் பிடிக்காமல் பேஜ் டவுனைத் தட்டுங்கள்.

வழுக்கிச் செல்வதுபோன்ற மென்மையான உருட்டல் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். இயங்குதளத்தின் அணுகல்தன்மை அமைப்புகளில் அசைவூட்டங்களைக் குறைக்கும் தெரிவு இருக்கிறது. உலாவிகள் அதை இணையப் பக்கங்களுக்கும் தெரிவிக்கின்றன.

திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். அது படிக்கும் இடமும் திரையில் தெரியும் இடமும் வேறாக இருப்பதாக அருகில் இருப்பவர் சொல்கிறார்.

என்விடிஏ, ஜாஸ் போன்ற, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்கள் ஆவணத்தின் எழுத்துகளைத் தாமே எடுத்து வைத்துக்கொண்டு, அதில் தமக்கென ஒரு படிப்புக்குறியை நகர்த்துகின்றன. என்விடிஏ இதை உலாவல் பயன்முறை என்று அழைக்கிறது. அப்போது அம்பு விசைகள் வாசிப்பு மென்பொருளை அடைவதே இல்லை. திரைவாசிப்பான் இடையிலேயே அவற்றை வாங்கிக்கொள்கிறது. படிப்புக்குறி ஒன்று, குவியம் ஒன்று, திரையில் தெரியும் பகுதி ஒன்று என இங்கே இடங்கள் மூன்றாகின்றன. படிவப் பெட்டிக்குள் தட்டச்சு செய்யவோ மென்பொருளின் சொந்த விசைகளைப் பயன்படுத்தவோ வேண்டியிருந்தால், என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்திக் குவியப் பயன்முறைக்கு மாறலாம்.

நானே இணையத்துக்கென ஓர் ஆவணக் காட்டியை எழுதிக்கொண்டிருக்கிறேன். குறைந்தபட்சம் எதைச் சரியாகச் செய்ய வேண்டும்?

கோப்பு திறந்ததும் குவியம் ஆவணப் பரப்பில் இருக்க வேண்டும். படிக்க வந்தவரிடம் முதல் விசையிலேயே சொடுக்கச் சொல்லக் கூடாது. உருளும் பெட்டி குவியம் பெறத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இதன் முன்நிபந்தனை. உள்ளே குவியம் பெறும் வேறு பகுதி இல்லாத உருளும் பெட்டிக்குக் குரோம் 2024இல்தான் டேப் வழியாகத் தானாகக் குவியம் தரத் தொடங்கியது. பயர்பாக்ஸ் அதற்கு நெடுங்காலம் முன்பே தந்தது. உலாவியை நம்பியிராமல் ஒரு பகுதி டேப் விசையால் குவியம் பெறுமா என்பதைக் குறிக்கும் டேப்இண்டெக்ஸ் மதிப்பைச் சுழியமாக வைத்துவிடுவது பாதுகாப்பு.

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதற்கு முன் குவியம் எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு, எந்த வழியில் மூடினாலும் அங்கேயே திருப்பித் தாருங்கள். அப்படித் தரும்போது, முன்னர் சொன்ன ஒருவழிப் பாதையால் ஆவணம் குதித்துவிடும். குவியம் தரும் கட்டளையில் உருட்டலைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாளரம் முழுவதுக்கும் பொதுவாக விசைகளைக் கேட்கும் நிரல் எழுதியிருந்தால், குவியம் எழுத்துப் பெட்டியில் இருக்கிறதா, பல விசைகளைச் சேர்த்து ஓர் எழுத்தை உருவாக்கும் எழுத்துக் கூட்டல் நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே விசையை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பாராத காட்டிகளில் தமிழில் தேடற்சொல்லைத் தட்டும்போது பக்கம் மாறிப்போவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு சாளரத்தில் படித்துக்கொண்டே இன்னொன்றில் குறிப்பு எழுதுகிறேன். எழுதும் இடத்திலிருந்து குவியத்தை எடுக்காமல் படிக்கும் ஆவணத்தை உருட்ட முடியுமா?

சக்கரமும் விசையும் வெவ்வேறு எசமானர்களுக்குக் கட்டுப்பட்டவை என்பது இங்கே உங்களுக்குச் சாதகமாகிறது. சாளரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, சுட்டுக்குறியை ஆவணத்தின் மேல் விட்டுவிட்டு விசைப்பலகையில் எழுதுங்கள். சக்கரம் ஆவணத்தை உருட்டும், எழுத்துகள் குறிப்புச் சாளரத்துக்கே போகும். விண்டோஸில் இது நடக்கவில்லை என்றால் மவுஸ் அமைப்புகளில் செயலற்ற சாளரங்களை உருட்டும் தெரிவு அணைக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் சுட்டுக்குறி போகும் இடத்துக்கெல்லாம் குவியமும் போகும்படி சிலர் அமைத்திருப்பார்கள். அந்த அமைப்பில் இந்த வழி பலிக்காது, சொடுக்கினால் மட்டும் குவியம் மாறும் அமைப்புக்குத் திரும்ப வேண்டும்.